பாதி மந்திரமும் ஒரு கெட்ட வார்த்தையும்

1

இந்தக் கதை எனக்கு ஒரு சலவைக் கடையில் கிடைத்தது. ‘கிடைத்தது’ என்பது எழுதுகிறவர்கள் கௌரவத்துக்காகச் சொல்லிக்கொள்வது. ஒட்டுக்கேட்டேன்.

ஒரு கல்யாணத்துக்கு இரவல் வாங்கிய கோட்டில் எதையோ கொட்டிக்கொண்டு, அதைச் சுத்தம் செய்யக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கப் போயிருந்தேன். ஐம்பத்தைந்து வயதுப் பெண்மணி ஒருவர் டோக்கன் எண்ணைப் பார்த்துக் கோட்டைத் தேடிக்கொண்டிருந்தார். கடைக்குப் பின்னால்தான் வீடு. நடுவில் ஒரு கதவு, பாதி திறந்திருந்தது. அதன் வழியே ஓர் ஆண் குரல் வெடித்தது.

“அருள் நிறைந்த மரியே வாழ்க!”

வார்த்தை அதுதான். தொனியோ, குறுக்கே பாய்ந்த சைக்கிள்காரனைப் பார்த்து பஸ் டிரைவர் கத்துகிற தொனி.

“வரேன், வரேன். எனக்கென்ன பத்துக் கையா இருக்கு?” என்றார் அந்தப் பெண்மணி, திரும்பாமலே.

“கர்த்தர் உம்முடனே!” இன்னும் கோபமாக.

“சீனி அடியில கிடக்கு. கலக்கிக் குடிங்க.”

எனக்குக் கோட்டு மறந்துபோனது. “உள்ள யாரு, அக்கா?” என்றேன்.

“எங்க வீட்டுக்காரர்.”

“ஜெபம் பண்றாரா?”

“திட்றார்,” என்றார் அக்கா. “டீ ஆறிப்போச்சாம்.”

வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். எழுதி முடிக்க எட்டு மாதம் ஆயிற்று. கசங்காத சட்டைகளையெல்லாம் கசக்கி எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். அக்கா ஒவ்வொரு சட்டைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

(என்னைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். நானும் ஞானஸ்நானம் வாங்கியவன். வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவே. கோயில் பக்கம் போவது யாராவது கல்யாணம் செய்துகொண்டாலோ செத்துப்போனாலோதான்.)

2

எழுதிக் கிழித்த தொடக்கங்கள்:

‘மாலை மணியோசை காற்றில் மிதந்து வர, அவள் முழங்காலிட்டுக் கண்களை மூடி—’

நிறுத்தினேன். கோயில் மணி அந்தக் கடை வரை கேட்காது. எதிரே டயர் கடை. தவிர, அவளுக்கு மூட்டுவலி. முழங்காலிட்டுப் பத்து வருஷம் ஆகிறது.

‘மொழி என்பது மனித மூளையின் இருண்ட அறைகளில்—’

இதை எழுதிய ஆளை எனக்கே பிடிக்கவில்லை.

‘டிரைவர் கடவுளை நம்பாதவர்.’

அக்காவின் வீட்டுக்காரர் பஸ் டிரைவராக இருந்தவர். இந்த வரி பரவாயில்லை என்று அக்காவிடம் படித்துக் காட்டினேன். “பொய்,” என்றார். “நம்பறேன், நம்பலைன்னு யோசிக்க அவருக்கு எங்க நேரம்? கடவுளோட அவருக்கு ஒரு தகராறும் கிடையாது. தகராறெல்லாம் ஜெபமாலையோடதான்.”

சரி. அங்கிருந்தே தொடங்குகிறேன். நேரில் அவர் எனக்கு அக்கா. கதைக்குள் ‘அவள்’. இதற்கு அவருடைய சம்மதம் உண்டு. “அவர்னு எழுதினா யாரோ கலெக்டர் மாதிரி இருக்கு,” என்று அவரே சொல்லிவிட்டார்.

3

முப்பது வருஷம் டிரைவர் ஒரே தடத்தில் பஸ் ஓட்டினார். அந்தத் தடத்திலிருந்த ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு வசவு வைத்திருந்தார். வாய் ஓயாத மனிதர். வேலை முடிந்து வந்தால் அன்றைக்கு யார் யார் குறுக்கே வந்தார்கள், அவர்களுடைய குலம் கோத்திரம் என்ன, அதற்குத் தான் என்ன சொன்னார் என்பதையெல்லாம் நடித்தே காட்டுவார். மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். அவளோ முறைப்பாள், முறைத்துக்கொண்டே சிரிப்பாள்.

மாலை ஏழு மணிக்கு வீட்டில் ஜெபமாலை. மாதா சுரூபமும் டிவியும் ஒரே கூடத்தில் இருந்தன. அவளும் மகளும் ஜெபம் சொல்ல, டிரைவர் டிவியின் சத்தத்தை மட்டும் அணைத்துவிட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அது அவர் காட்டிய மரியாதை. பாதியில் ஒரு கருத்துச் சொல்வது அவர் உரிமை.

“ஒரே விஷயத்த ஐம்பது தடவை சொன்னா எங்க டிப்போ மேனேஜரே காது கேக்காத மாதிரி நடிப்பான். மாதா மட்டும் என்ன செய்வாங்க, பாவம்?”

கடைசியில் பிரார்த்தனை மாலை என்கிற வரிசை வந்து, ஒவ்வொரு வரிக்கும் ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்று அவர்கள் சொல்லும்போது, “டிக்கெட் டிக்கெட்னு எங்க கண்டக்டர்கூட இத்தனை தடவை கேக்கமாட்டான்” என்பார். மகள் வாயைப் பொத்திக்கொள்வாள். அவள் ஜெபத்தை விடாமலே கையை நீட்டி அவர் தொடையில் ஒரு கிள்ளு வைப்பாள். அந்தக் கிள்ளோடு சேர்த்துத்தான் அந்த வீட்டு ஜெபமாலை.

[இந்த இடத்தில் முதல் பிரதியில் ஒரு வாக்கியம் இருந்தது: ‘ஆனாலும் அவர் ஒரு நாளும் எழுந்து போகவில்லை, அந்த ஜெபத்தின் நிழலில் இருக்கவே அவர் உள்மனம் விரும்பியது.’ அக்கா கேட்டுவிட்டுச் சொன்னார்: “டிவி அங்கதான் இருந்துச்சு, தம்பி.” வாக்கியம் போயிற்று.]

ஜெபமாலை முடிந்ததும் அவள் மட்டும் தனியாக இன்னொரு அருள் நிறைந்த மந்திரம் சொல்வாள். ‘ஒரு விசேஷக் கருத்துக்காக’, அதாவது ஒரு தனி வேண்டுதலுக்காக, என்று அறிவிப்பாள். கருத்து என்னவென்று சொல்லமாட்டாள். தன்னுடைய கல்யாணத்துக்காக என்று மகள் நினைத்தாள். தான் சிகரெட்டை விடுவதற்காக என்று டிரைவர் நினைத்து, அதற்காகவே கூடுதலாக ஒன்று பிடிப்பார்.

இரண்டும் இல்லை. கல்யாணமான முதல் மாதத்திலிருந்து அவள் கேட்டது ஒன்றே ஒன்று: இந்த மனுஷன் வாயிலிருந்து ஒரு ஜெபமாவது வரவேண்டும். ஒன்று போதும்.

4

வந்தது.

ஓய்வு பெற்று இரண்டு வருஷம் கழித்து, ஒரு காலை, காலணிக் கயிற்றைக் கட்டக் குனிந்த டிரைவர் அப்படியே ஒருபக்கமாகச் சரிந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டு கிடந்தார். நாலாவது நாள், தலையணையைச் சரிசெய்ய அவள் குனிந்தபோது, அவர் உதடு அசைந்தது.

“அருள் நிறைந்த மரியே வாழ்க. கர்த்தர் உம்முடனே. பெண்களுக்குள் ஆசீர்வதிக்கப்பட்டவர் நீரே. உம்முடைய திருவயிற்றின் கனியாகிய இயேசுவும் ஆசீர்வதிக்கப்பட்டவரே.”

அத்தோடு நின்றது. நர்ஸ் கை தட்டினாள். மகள் அழுதாள். அவளோ வராந்தாவுக்கு ஓடிப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் அப்புறம் விளக்கினாள். நாம் யோசித்துப் பேசுகிற பேச்சு மூளையில் ஓரிடத்தில் இருக்கிறதாம். சின்ன வயதில் மனப்பாடம் செய்ததும் கோபத்தில் வாய்தவறி வருவதும் வேறிடத்தில். முதல் இடம் அடிபட்டாலும் இரண்டாவது சிலருக்குத் தப்பிவிடும். டிரைவருக்குத் தப்பியவை இரண்டு: ஐந்து வயதில் அவருடைய அம்மா சொல்லிக் கொடுத்த அந்த மந்திரத்தின் முதல் பாதி, அப்புறம் முப்பது வருஷம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சொன்ன ஒரு கெட்ட வார்த்தை.*

* அந்த வார்த்தையை இங்கே அச்சிடவில்லை. உங்களுக்குத் தெரிந்ததிலேயே சிறந்த ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். சுமாரானதைப் போட்டால் பின்னால் ஒரு காட்சி படுத்துவிடும்.

டிரைவர் மாறிவிட்டார், கடவுள் தொட்டுவிட்டார் என்று பங்குக் கோயிலில் பேசிக்கொண்டார்கள். இரண்டு பெண்கள் அவரைப் பார்க்க வந்து, கட்டில் பக்கத்தில் நின்று அவர் சொல்லச் சொல்லக் கண்ணீர் விட்டார்கள். அவர் ஜன்னலைச் சாத்தச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவளோ ஜெபமாலையை எடுத்து, வாடிக்கையாளர்களின் துணியிலிருந்து உதிர்ந்த பொத்தான்களைப் போட்டுவைக்கிற டப்பாவில் போட்டு மூடினாள். ஏழு மணி வந்தால் இஸ்திரி போட எழுந்துபோனாள். அம்மாவுக்கு வேலை அதிகம், களைப்பு என்று மகள் நினைத்தாள். களைப்பும் இருந்தது. ஆனால் உள்ளே இருந்தது பயம். கேட்டது கிடைத்துவிட்டது. முப்பது வருஷம் நச்சரித்து வாங்கியாயிற்று. வேறு எந்தச் சொல்லும் இல்லாமல் ஆக்கி, கேட்ட அந்த ஒன்றை மட்டும் மேலேயிருந்து கையில் கொடுத்துவிட்டார்கள். இனி எதையாவது கேட்டு, அதுவும் கிடைத்துவிட்டால்?

5

மகள் பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர். எதையும் அட்டவணை போட்டால்தான் மகளுக்கு நிம்மதி. ஒரு மாதத்தில் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டினாள். ‘அருள் நிறைந்த’ என்பதில் அழுத்தினால் பசி. ‘மரியே’ இழுத்தால் கழிவறை. ‘கர்த்தர் உம்முடனே’ வேகமாக வந்தால் டிவியில் வேறு சேனல். ‘பெண்களுக்குள்’ என்று நிறுத்திச் சிரித்தால், வந்திருக்கிற சொந்தக்காரியைப் பற்றி ஏதோ நக்கல். விவரம் தெரியாமலிருப்பது நல்லது.

அவளுக்கோ அந்தத் தாள் வேண்டியிருக்கவில்லை. பிரஸ் மெஷினின் புஸ் சத்தத்துக்கு நடுவிலிருந்தே பதில் சொல்வாள். “போர்வையா? நேத்து வேண்டாம்னீங்க.” “அவன் அப்படித்தான், விடுங்க.” டயர் கடைக்காரரோடு டிரைவருக்கு எப்போதுமே ஆகாது. அவர்களுடைய சண்டை பழைய பஸ் நிறுத்தத்தைப் பற்றியது. அதை இப்போதும் ஜன்னல் வழியாக இந்த மந்திரத்தை வைத்தே நடத்தினார்.

ஒன்று மட்டும் அட்டவணைக்குள் வரவில்லை. சில மாலைகளில், எதுவும் வேண்டாமல், டிரைவர் அதை மெதுவாகச் சொல்வார். முழுவதும் சொல்லி, ‘ஆசீர்வதிக்கப்பட்டவரே’ என்று முடித்துவிட்டு அவளைப் பார்ப்பார். பார்த்துக்கொண்டே இருப்பார். ஜெபமாலையைச் சொல்லி வளர்ந்தவர்களுக்கு அந்த நிறுத்தம் தெரியும். முதல் பாதியை ஒருவர் சொன்னால் மறுபாதியை மற்றவர் சொல்லவேண்டும். அவர் காத்திருந்தார்.

“டீ வேணுமா?” என்பாள் அவள்.

அவர் தலையாட்டுவார், இல்லை என்று.

“அப்ப தூங்குங்க.”

ஒருநாள் மகள் பொறுக்க முடியாமல் தானே மறுபாதியை, “அர்ச்சிஷ்ட மரியாயே—” என்று தொடங்கினாள். டிரைவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“அம்மா, உன்னைத்தான் கேக்கிறார்.”

“எனக்குக் கை ஈரமா இருக்கு,” என்றாள் அவள்.

6

இங்கே ஒரு பங்குச்சாமியார் வருகிறார். இவர்மேல் எனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவள் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். வரிசையில் ஆறு பேர். முறை வந்ததும் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, வழக்கமான பாவங்களையெல்லாம் வழியில் விட்டுவிட்டு நேராகச் சொன்னாள்:

“சாமி, நான் ஜெபம் பண்ணியே என் புருஷனைப் படுக்க வச்சிட்டேன்.”

முதல் பிரதியில் என் சாமியார் ஒரு ஞானி. நரைத்த தாடி. அவர் மென்மையாகக் கேட்கிறார்: “நீங்கள் கேட்டதெல்லாம் கிடைத்ததா, அம்மா? கிடைக்காதவற்றைச் சொல்லுங்கள்.” அவள் சொல்லத் தொடங்க, பட்டியல் நீண்டு, வெளியே வரிசையில் நிற்பவர்கள் இருமத் தொடங்குகிறார்கள். அதிலிருந்து அவளே உண்மையைப் புரிந்து—

எனக்கே நெஞ்சை நிறைத்த காட்சி. படித்துக் காட்டினேன்.

“இவரு யாரு?” என்றார் அக்கா.

“பங்குச்சாமியார்.”

“எங்க சாமியாருக்கு முப்பது வயசுகூட இல்ல. தாடி கிடையாது. அன்னைக்கு அவருக்கு ஜலதோஷம் வேற. நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள மூணு தும்மல்.”

“அப்புறம் என்ன சொன்னார்?”

அக்கா ஒரு சட்டைக் கையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார். “எனக்குத் தெரியலம்மான்னார். மூக்கைச் சிந்தினார். அப்புறம், நானும் ஒரு விஷயத்தைக் கேக்க பயந்துக்கிட்டுதாம்மா இருக்கேன்னார். அவ்வளவுதான். பாவமன்னிப்புக் குடுத்தார். ஒரு அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னார்.”

“சொன்னீங்களா?”

“பாதி,” என்றார்.

பீடத்துக்கு முன்னால் நின்று முதல் பாதியைச் சொன்னாள். நின்றுவிட்டது. மறுபாதியில்தானே கேட்பது இருக்கிறது. வெளியே வந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, கடையைத் திறக்கப் போய்விட்டாள். அந்த அபராத ஜெபம் பாதியிலேயே நின்றது. என் தாடிச்சாமியாரை அடித்துவிட்டேன். அவர் நல்ல மனிதர். இன்னொரு கதைக்கு ஆவார்.

7

குளிர்காலம் முடிந்த வாரம். குளிர் அதிகமான ஊர்; ஊரெல்லாம் ஒரே நேரத்தில் கம்பளிக் கோட்டுகளைக் கொண்டுவந்து கொட்டியிருந்தது. கடையின் கூரையில் இரண்டு சங்கிலிகளில் தொங்கும் நீளமான இரும்புக் குழாயில்தான் எல்லாவற்றையும் மாட்டுவாள். அன்றைக்கு நூறுக்கு மேல் தொங்கின. மத்தியானம் ஒன்றரை மணி. சாப்பாட்டு நேரமென்று ஷட்டரை முழங்கால் உயரத்துக்கு இறக்கிவிட்டிருந்தாள். மகள் பள்ளிக்கூடத்தில். டிரைவர் பின்னறையில் (அது கடைக்கு ஒருபக்கமாகத் தெருவரை நீளும்), தெருவைப் பார்த்த ஜன்னல் பக்கம், சக்கர நாற்காலியில்.

அவள் ஒரு கோட்டை மாட்டக் கையைத் தூக்கியதும் ஒரு சங்கிலி கூரையோடு பெயர்ந்தது.

குழாய் ஒருபக்கமாக இறங்கி அவளுடைய தோளில் விழுந்து, அவளைத் தரையில் கிடத்தி, மார்புக்குக் குறுக்கே படுத்துக்கொண்டது. அதன்மேல் கோட்டுகள். அவ்வளவு கோட்டும். இருட்டு. கம்பளியும் பாச்சை உருண்டையும் சேர்ந்த நாற்றம். மூச்சை உள்ளே இழுக்க முடிந்தது, கொஞ்சமாக. கத்த முடியவில்லை.

பின்னறையில் டிரைவர் சத்தத்தைக் கேட்டார். நாற்காலியைக் கதவுவரை உருட்டினார். வாசல்படி இரண்டு விரல் உயரம். சக்கரம் ஏறவில்லை. ஒற்றைக் கையால் முட்டி முட்டிப் பார்த்தார். அப்புறம் திரும்பி ஜன்னலுக்குப் போனார்.

தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது. அவர் முழுத் தொண்டையில் கத்தினார்.

“அருள் நிறைந்த மரியே வாழ்க!”

வயதான ஒருவர் நின்று, தொப்பியைக் கழற்றி மரியாதை செய்துவிட்டுப் போனார். இரண்டு பள்ளி மாணவிகள் சிரித்தார்கள். பங்கிலிருந்து வந்து அவருக்காகக் கண்ணீர் விட்ட பெண்களில் ஒருத்தி பையோடு வந்தாள்; அவர் கத்துவதைக் கேட்டு, நெஞ்சில் சிலுவை போட்டு, “ஆமென், அண்ணே, ஆமென்” என்று உருக்கமாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோனாள்.

கோட்டுகளுக்கு அடியில் அவளுக்கு அது கேட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் ‘ஆசீர்வதிக்கப்பட்டவரே’ வரை வந்து நிற்கும். ஒரு நிறுத்தம். பதில் இல்லை. மறுபடி முதலிலிருந்து. அவர் தெருவைத்தான் கூப்பிடுகிறார் என்று முதலில் நினைத்தாள். நாலாவது ஐந்தாவது தடவையில், தெருவைக் கூப்பிடும்போதே தன்னையும் கேட்கிறார் என்று புரிந்தது. இருக்கிறாயா என்று கேட்கிறார். அதற்கு அந்த வீட்டில் ஒரே ஒரு பதில்தான் உண்டு. அதைச் சொன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். ஒரு வருஷமாகச் சொல்லாமலிருந்த அந்தப் பாதியைச் சொல்ல அவள் வாயைத் திறந்தாள். மூச்சு இல்லை. உதடு மட்டும் அசைந்தது.

(“ஜெபம் பண்ணீங்களா அக்கா, அந்த நேரத்துல?” என்று கேட்டேன். “இருக்கேன்னு சொல்லப் பாத்தேன்,” என்றார்.)

ஒன்பதாவது தடவை டிரைவர் மந்திரத்தைத் தொடங்கவில்லை. எதிரே டயர் கடைக்காரர் வெளியே வந்து கை துடைத்துக்கொண்டிருந்தார். டிரைவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவரை நேராகப் பார்த்து, தன்னிடமிருந்த இன்னொன்றைச் சொன்னார்.

நீங்கள் நல்லதாகத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

“யாரைப் பாத்துச் சொன்னே?” டயர் கடைக்காரர் கையில் ஸ்பானரோடு தெருவைக் கடந்தார். டிரைவர் மறுபடி சொன்னார். மறுபடி. ஜன்னலுக்கு வந்த டயர் கடைக்காரர் திகைத்து நின்றார். இந்த ஆள் வசவைச் சொல்லிக்கொண்டே குழந்தை மாதிரி அழுதுகொண்டிருந்தார். இடது கை கம்பியை விட்டுக் கடைப் பக்கம், உள்ளே, உள்ளே என்று காட்டிக்கொண்டிருந்தது.

ஷட்டர் ஏறியது. கோட்டுகள் பறந்தன. கழுத்துப்பட்டை எலும்பு முறிவு, விலா எலும்பு இரண்டு. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று மருத்துவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, மகளின் முகத்தைப் பார்த்து முடிக்காமல் விட்டார். நானும் விடுகிறேன்.

இந்த இடத்தில் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். ஜெபத்துக்கு வராதவன் வசவுக்கு வந்தான் என்றால் எது ஜெபம், எது வசவு, விண்ணகத்தின் காது எந்தப் பக்கம், இத்யாதி. படித்துக் காட்டும்போது எனக்கே குரல் தழுதழுத்தது. அக்கா பொறுமையாகக் கேட்டார்.

“அவர்கிட்ட இருந்தது ரெண்டு,” என்றார். “ரெண்டையும் போட்டுட்டார். இதுல என்ன தம்பி ஒன்றரைப் பக்கம்?”

8

மூன்றாம் நாள் அவள் வீட்டுக்கு வந்தாள். கையைக் கழுத்திலிருந்து தூளி மாதிரி கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். டிரைவரின் நாற்காலிக்கு எதிரே அவளுக்கும் ஒரு நாற்காலி போட்டாள் மகள். ஒரு வருஷத்தில் முதல் தடவையாக இருவரும் ஒரே உயரத்தில் உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு கைதான் வேலை செய்தது.

“நீங்க சொன்னது தெருக்கோடி வரைக்கும் கேட்டுச்சாம்,” என்றாள் அவள்.

டிரைவர் வெட்கப்பட்டார். அவர் வெட்கப்பட்டு அவள் பார்த்ததே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவர் தொடங்கினார். மெதுவாக, எதுவும் வேண்டாமல். அருள் நிறைந்த மரியே வாழ்க. கர்த்தர் உம்முடனே. வழக்கமான இடத்தில் நின்றது. அவளைப் பார்த்தார். மகள் அடுக்களையில் ஒரு மூடியைக் கையில் வைத்துக்கொண்டே அதைத் தேடுகிற மாதிரி நடித்தாள்.

விலா எலும்பு குத்தியதால் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு எடுக்கவேண்டியிருந்தது.

“அர்ச்சிஷ்ட மரியாயே… சர்வேசுரனுடைய மாதாவே… பாவிகளாயிருக்கிற எங்களுக்காக… இப்பொழுதும்…”

அங்கே நின்றாள். அடுத்து ‘எங்கள் மரண நேரத்திலும்’ வரவேண்டும். வாயைத் திறந்து, மூடி, சுரூபத்தைப் பார்த்துச் சொன்னாள், பக்கத்து வீட்டுக்காரியிடம் கறாராகப் பேசுகிற மாதிரி:

“அது நான் கேக்கமாட்டேன், தாயே. அது எப்ப வேணா வரட்டும், அது உன் பாடு. எனக்கு ‘இப்பொழுதும்’ மட்டும் போதும். வேண்டிக்கொள்ளும்.”

பாக்கி ஓர் ‘ஆமென்’. அதை அவள் அவருக்கு விட்டுவைத்தாள். டிரைவர் வாயைத் திறந்தார். தேடினார். முகம் சிவக்கத் தேடினார். அந்தச் சரக்கு அவரிடம் இல்லை. கடைசியில் இருந்த ஒரே மாற்றுச் சொல்லை, மிகுந்த பக்தியோடு, தலைகுனிந்து சொன்னார்.

அடுக்களையில் மூடி விழுந்து உருண்டது. மகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அவள் விலாவைப் பிடித்துக்கொண்டு, “சிரிக்க வைக்காதீங்க, சிரிக்க வைக்காதீங்க, எலும்பு குத்துது” என்று அலறினாள். டிரைவர் உற்சாகமாக இன்னொரு தடவை சொன்னார்.

9

நான் இதற்கு எழுதி வைத்திருந்த முடிவுகள்:

ஒன்று. டிரைவர் ‘ஆமென்’ என்று தெளிவாகச் சொல்கிறார். கூடம் ஒளியால் நிறைகிறது. (அக்கா: “அவர் சொல்லலையே.”)

இரண்டு. அவள் மறுபாதியைச் சொல்லி முடிக்கையில் டிரைவரின் தலை மெல்லச் சாய்கிறது. அமைதி. (அக்கா, குரலைத் தாழ்த்தி: “மெதுவாப் படிங்க. உள்ளதான் உக்காந்திருக்கார்.”)

மூன்று. அவள் எதுவும் சொல்லவில்லை. எழுந்துபோய்ப் பிரஸ் மெஷினை ஓடவிடுகிறாள். நீராவி எழுகிறது. இது இப்போதைய மோஸ்தர், பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும். (அக்கா: “இதுல நான் ரொம்ப ஒசரமாத் தெரியறேன்.”)

“அப்ப பயம் போயிடுச்சுன்னு எழுதவா?”

“எங்க போச்சு? அப்படியேதான் இருக்கு.”

“விசேஷக் கருத்து?”

“அதை விட்டுட்டேன். இப்ப கருத்தே கிடையாது. அவர் கூப்பிடறார், நான் இருக்கேன்னு சொல்றேன். தினம் ஒண்ணு ரெண்டு. அவர் கிண்டல் பண்ண முடியலையேன்னுதான் எனக்கு வருத்தம். நானே அவருக்கும் சேர்த்துப் பண்ணிக்கறேன்.”

10

போன வாரம் முழுப் பிரதியையும் எடுத்துக்கொண்டு போய், பின்னறையில் இருவருக்கும் படித்துக் காட்டினேன். கெட்ட வார்த்தை வரவேண்டிய இடங்களில் நான் நிறுத்த, டிரைவர் தானே முன்வந்து நிரப்பினார். அக்கா பிழை திருத்தினார். பாச்சை உருண்டை அவர்கள் கடையில் கிடையாதாம். அது வாடிக்கையாளர் வீட்டிலிருந்து வந்த நாற்றம், எழுதிக்கொள்ளுங்கள் என்றார். எழுதிவிட்டேன்.

படித்து முடித்துத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். டிரைவர் தொண்டையைச் செருமினார்.

“அருள் நிறைந்த மரியே வாழ்க,” என்றார். திட்டவில்லை. டீ வேண்டாம். டீ கையில் இருந்தது. “கர்த்தர் உம்முடனே. பெண்களுக்குள் ஆசீர்வதிக்கப்பட்டவர் நீரே. உம்முடைய திருவயிற்றின் கனியாகிய இயேசுவும் ஆசீர்வதிக்கப்பட்டவரே.”

நின்றார்.

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

“என்னை ஏன் பாக்கறீங்க?” என்றார். “உங்களைத்தான் கேக்கிறார்.”

டிரைவரின் கண் என்மேல் இருந்தது. நக்கல் எதுவும் இருந்த மாதிரி தெரியவில்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மறுபாதி எனக்குத் தெரியும். இருபது வருஷம் ஆயிற்று, ஒரு சொல் மறக்கவில்லை. கதைக்குச் செய்தி சேகரிக்க வந்தவன், எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லலாம். அதைச் சொன்னால் அவர் புரிந்துகொள்வார், ஆனால் அது அவருக்குப் பதில் ஆகாது. சும்மா ஒரு மரியாதைக்குச் சொல்லிவைக்கலாம் என்றால், அக்காவின் கண் ஊசியில் இருந்தாலும் காது என் பக்கம் இருக்கிறது. அந்த வீட்டில் யாரும் எதையும் மரியாதைக்குச் சொல்வதில்லை.

நான் தாள்களைக் கீழே வைத்தேன். வாயைத் திறந்தேன்.

[எழுத்தாளர் இதற்கு மேல் எழுதிய மூன்று வரிகளை அடித்துவிட்டார். அவர் என்ன சொன்னார் என்று அந்தப் பின்னறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும், அது போதும். நீங்கள் இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிற அறையில் உங்களுக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. அவர்கள் ஏதாவது கேட்டுவிட்டு, பாதியில் நிறுத்தி, உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால், முதலில் அதைக் கவனியுங்கள். கதை எங்கேயும் போய்விடாது.]